விளிம்பில் வாழும் சீயக்காய்: வயலில் அல்ல, வேலியில் நடுங்கள்!

எண்ணெய்க் குளியலுக்கு வாங்கிய சீயக்காய் உங்கள் வீட்டு அலமாரியில் ஒரு கைப்பிடியாவது இருக்கும். அதில் ஒரு நெற்றை எடுத்துப் பாருங்கள். இது எதில் காய்த்தது? பயிற்சி முகாம்களில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பாதிப் பேர் 'மரம்' என்பார்கள். மீதிப் பேர் 'முட்செடி' என்பார்கள். இரண்டும் சரியில்லை. சீயக்காய், மரத்தின் மீது ஏறி வாழும் ஒரு வன்கொடி.

மரமோ கொடியோ, காய் கிடைத்தால் போதாதா என்று நீங்கள் நினைக்கலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பால் ஒரு விவசாயியின் அரை ஏக்கர் நிலத்தில் நான்கு ஆண்டுகளை வீணாக்கினேன். அந்தக் கதையைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் நியாயம்.

முனைவர் பட்டம் வாங்கி வேலைக்குச் சேர்ந்த புதிது. பச்சைமலை அடிவாரத்தில் மானாவாரி நிலம் வைத்திருந்த ஒருவர், தண்ணீர் அதிகம் கேட்காத பயிர் ஏதாவது சொல்லுங்கள் என்று வந்தார். சீயக்காயைப் பரிந்துரைத்தேன். தோட்டப் பயிருக்குக் கொடுப்பதுபோல 3 மீட்டருக்கு 3 மீட்டர் இடைவெளி, வரிசை நடவு, குழிக்கு இவ்வளவு உரம் என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். பந்தல் இல்லை, கொம்பு இல்லை, பக்கத்தில் மரமும் இல்லை. கன்றுகள் நன்றாகவே பிழைத்தன. இரண்டாம் ஆண்டில் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தன. நான்காம் ஆண்டில் அரை ஏக்கரும் ஆள் நுழைய முடியாத முட்புதர் ஆனது. மேல் பரப்பில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காய் தெரிந்தது. அதைப் பறிக்கக் கை போகவில்லை. கடைசியில் வெட்டி எரித்தார்கள்.

அந்த வீட்டுப் பாட்டி, நடவு முடிந்து மிஞ்சிய ஆறு கன்றுகளை ஓடைப் பக்கம் இருந்த கிளுவை வேலியில் ஊன்றியிருந்தார். பின்னால் ஒரு பழைய புங்கமரம். அந்த ஆறும் வேலியைப் பற்றி ஏறி, வெளிப்பக்கம் தொங்கி, கொத்துக் கொத்தாகக் காய்த்திருந்தன. "கொடிக்குக் கொழுகொம்பு வேணும்ல தம்பி, அதுகூடவா படிப்புல சொல்லித் தரல?" என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது அனைத்தும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

பெயரிலேயே இருக்கிறது அடையாளம்

சிகை என்றால் தலைமுடி. சிகைக்காய் என்பதே பேச்சில் சீயக்காய், சீக்காய் என்று மருவியது. இது அவரை, துவரை, புளி, கருவேல் எல்லாம் அடங்கிய பயறுக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்திலும் தொட்டாற்சுருங்கி, கருவேல் இருக்கும் பிரிவில் வருகிறது.

பழைய நூல்களில் இதன் தாவரவியல் பெயரை 'அகேசியா கான்சின்னா' என்று படித்திருப்பீர்கள். 'அகேசியா சினுவேட்டா' என்றும் சில நூல்களில் இருக்கும். இப்போது வழங்கும் பெயர் 'செனகாலியா ருகேட்டா'. பெயர் ஏன் மாறியது? அகேசியா என்பது உலகம் முழுவதும் பரவிய மிகப் பெரிய பேரினமாக இருந்தது. இதில் உள்ளவை எல்லாம் ஒரே வழி வந்தவை அல்ல என்று ஆய்வுகள் காட்டியதால் பிரிக்க வேண்டி வந்தது. 2005இல் வியன்னாவில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாடு, அகேசியா என்ற பெயர் ஆஸ்திரேலிய இனங்களுடன் நிற்கும்படி முடிவெடுத்தது. 2011இல் மெல்போர்ன் மாநாட்டிலும் அது உறுதியானது. நம் கருவேல் 'வாச்செலியா' ஆனது; சீயக்காய் 'செனகாலியா' ஆனது. விரிவாக்கப் பணியில் இருப்பவர்கள் பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் குறித்து வைத்துக்கொண்டால் விதை வாங்கும்போதும் திட்ட அறிக்கை எழுதும்போதும் குழப்பம் வராது.

'ருகேட்டா' என்ற சொல்லுக்குச் சுருக்கம் விழுந்தது என்று பொருள். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் லமார்க் இட்ட பெயர் அது. காய்ந்த நெற்றின் தோலில் விழும் சுருக்கமே இந்தப் பெயரில் நிற்கிறது. உங்கள் கையில் இருக்கும் நெற்றைத் தடவிப் பாருங்கள். அந்தச் சுருக்கம்தான் அசல் சீயக்காய்க்கு முதல் அடையாளம். போலியைப் பற்றிப் பேசும்போது இது மறுபடியும் வரும்.

முள்தான் அதற்குக் கை

கொடிகள் எல்லாம் ஒரே மாதிரி ஏறுவதில்லை. அவரையும் மொச்சையும் தண்டையே சுற்றிச் சுற்றி ஏறும். பாகலும் பீர்க்கனும் பற்றுக்கம்பி விட்டுப் பிடிக்கும். மிளகும் வெற்றிலையும் கணுவில் வேர் விட்டு ஒட்டும். சீயக்காய்க்கு இந்த மூன்றும் கிடையாது. அதற்கு இருப்பது முள் மட்டும்தான்.

அந்த முள்ளைக் கவனித்துப் பாருங்கள். நுனி கீழ்நோக்கி வளைந்த கொக்கி. இளந்தண்டு மேலே போகும்போது எதிலும் சிக்காது. காற்றில் ஆடிக் கீழே சரிய முயன்றால் பக்கத்துக் கிளையில் மாட்டிக்கொள்ளும். தண்டில் மட்டுமல்ல, இலையின் நடுக்காம்பின் அடிப்பக்கத்திலும் சிறு கொக்கிகள் உண்டு. உள்ளே கையை விட்டால் எளிதில் போய்விடும், வெளியே இழுக்கும்போதுதான் கிழிக்கும். அந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும்.

கருவேல முள்ளுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. கருவேலில் முள் கணுவில் இரண்டிரண்டாக, நேராக நிற்கும். அது இலையடிச் செதில் மாறி வந்த முள். சீயக்காயில் முள் கணு, இடைக்கணு என்று பார்க்காமல் தண்டு முழுவதும் சிதறி இருக்கும். அது தண்டின் மேல்தோலிலிருந்து எழுந்தது. பக்கவாட்டில் அழுத்தினால் ரோஜா முள்போல் பெயர்ந்து வரும். நாற்றுப் பண்ணையில் கன்று வாங்கும்போது இந்தச் சோதனையைச் செய்யலாம்.

ஒரு மரம் தன் உணவில் பெரும் பங்கைத் தன்னைத் தாங்கும் அடிமரத்தைக் கட்டுவதில் செலவழிக்கிறது. வன்கொடிக்கு அந்தச் செலவு குறைவு. தாங்கும் வேலையை மரத்திடம் விட்டுவிட்டு, நீளத்தில் ஓடுகிறது. தண்டுக்குள் நீர் செல்லும் குழாய்கள் அகலமானவை. மெலிந்த தண்டாக இருந்தாலும் 10, 15 மீட்டர் உயரத்தில் உள்ள இலைக்கு அதனால்தான் தண்ணீர் போய்ச் சேர்கிறது.

இதிலிருந்து நமக்கு இரண்டு பாடங்கள். தாங்கு இல்லாத இடத்தில் இந்தக் கொடி தன்மீதே சரிந்து புதராகும். உயரத்தில் வெயிலைத் தொட்டால்தான் பூக்கும் கிளைகள் தழைக்கும். என் அரை ஏக்கர் திட்டம் முதல் பாடத்திலேயே தோற்றது.

இலை, பூ, நெற்று

இலை, கருவேல இலைபோல இரட்டைச் சிறகுக் கூட்டிலை. நடுக்காம்பின் இருபுறமும் 5 முதல் 8 இணை வரை கிளைக்காம்புகள். ஒவ்வொன்றிலும் சுமார் 12 முதல் 25 இணை வரை சிற்றிலைகள். தளிரை வாயிலிட்டு மென்றால் புளிக்கும். மலைக்கிராமங்களில் புளிக்குப் பதிலாக இந்தத் தளிரைத் துவையலில் சேர்க்கும் வழக்கம் உண்டு. தாய்லாந்தின் வடபகுதியிலும் இதே தளிரைக் குழம்பில் புளிப்புக்குச் சேர்க்கிறார்கள்.

பூக்கள் சிறு பந்துபோன்ற கொத்துகள். மொட்டாக இருக்கும்போது கருஞ்சிவப்பு, விரிந்ததும் வெண்மஞ்சள். நாம் பூ என்று பார்ப்பது பெரும்பாலும் மகரந்தத் தாள்களைத்தான். கோடையிலும் கோடைமழையை ஒட்டியும் பூக்கும். இடத்துக்கு இடம் சிறிது முன்பின் ஆகும். தேனீக்கள் மொய்க்கும். ஒரு பந்தில் பல பூக்கள் இருந்தாலும் ஒன்றிரண்டே காயாகும். இதைப் பார்த்துப் பூ கொட்டுகிறது என்று பயந்து மருந்து தெளிக்க வேண்டாம். இந்தக் கூட்டத்துத் தாவரங்களின் இயல்பு அது.

கருவேல், சீயக்காய்க் கூட்டத்தில் மகரந்தம் தனித்தனித் தூளாக இல்லாமல் சிறு பொட்டலங்களாகப் போகும். ஒரு பொட்டலமே ஒரு காய்க்குள் இருக்கும் விதைகள் அத்தனைக்கும் போதும். அதனால் ஒரு நெற்றில் உள்ள விதைகள் பெரும்பாலும் ஒரே தாய், ஒரே தந்தை வழி வந்தவை. நாற்றுக்கு விதை எடுக்கும்போது ஒரே கொடியில் எடுக்காமல், நன்றாகக் காய்க்கும் ஐந்தாறு கொடிகளில் கலந்து எடுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

காய் சதைப்பற்றுடன் தடித்திருக்கும். 7 முதல் 12 சென்டிமீட்டர் வரை நீளம். விதைகளுக்கு இடையே சற்று இடுங்கியிருக்கும். காயும்போது அந்தச் சதை வற்றித் தோல் சுருங்கிச் செம்பழுப்பாகும். நுரை தருவது அந்தச் சதையில் உள்ள சபோனின் என்ற பொருள். அதன் மூலக்கூறில் ஒரு பகுதி நீரோடு சேரும். மறு பகுதி எண்ணெயோடு சேரும். எண்ணெயைப் பிடித்து நீரோடு கொண்டுபோவது இப்படித்தான். சாதாரண சோப்பு காரத்தன்மை கொண்டது. சீயக்காய் நீர் மெல்லிய அமிலத்தன்மை கொண்டது.

சபோனின் மீன்களுக்கு ஆகாது. அதனால் சீயக்காய் ஊறிய நீரையும் தூள் கழிவையும் பண்ணைக்குட்டையிலோ மீன் வளர்க்கும் குளத்திலோ கொட்டாதீர்கள்.

இண்டுக்கொடியைப் பார்த்து ஏமாறாதீர்கள்

நம் காடுகளில் சீயக்காயைப் போலவே முள்ளும் இலையும் கொண்ட வேறு ஏறுகொடிகளும் உண்டு. அதில் முக்கியமானது இண்டு. இதை ஈங்கை என்றும் சொல்வார்கள். இதன் பட்டையை நார்நாராக அடித்து உடம்பு தேய்க்கப் பயன்படுத்துவார்கள். கேரளத்தில் 'இஞ்ச' என்ற பெயரில் அது கடைகளில் விற்கிறது. பட்டைக்கு இண்டு நல்லதுதான். ஆனால் சீயக்காய் என்று நம்பி அதன் கன்றை வாங்கி நட்டால் மூன்று ஆண்டு கழித்துத்தான் ஏமாற்றம் தெரியும்.

வேறுபாட்டைக் காயில் எளிதாகப் பார்க்கலாம். இண்டின் காய் தட்டையாக, மெல்லியதாக, காகிதம்போல இருக்கும். காய்ந்தபின் சுருக்கமோ தடிப்போ இருக்காது. சீயக்காய் நெற்று தடித்து, சுருங்கி, விதை இருக்கும் இடங்களில் புடைத்து நிற்கும். இன்னொரு உறவுக்கொடியில் சிற்றிலைகள் ஊசிபோல மிக நுண்ணியவையாக, ஒரு கிளைக்காம்பில் 30 இணைக்கு மேல் நெருக்கமாக இருக்கும். அதன் காயும் தட்டைதான்.

இதற்கெல்லாம் மேலாக ஒரு சோதனை இருக்கிறது. விதையை நீக்கிய நெற்று ஒன்றை இடித்து, ஒரு கண்ணாடிப் புட்டியில் நீருடன் போட்டுச் சிறிது நேரம் ஊறவிட்டுக் குலுக்குங்கள். நல்ல நெற்றாக இருந்தால் நுரை எழும்பி, சில நிமிடங்கள் அடங்காமல் நிற்கும். நாற்றுக்கு விதை எடுக்கும் தாய்க்கொடியின் காயை இப்படிப் பார்த்துவிட்டு எடுங்கள்.

காட்டில் அது எங்கே நிற்கிறது?

சீயக்காய் இந்தியாவிலிருந்து மியான்மர், தென்சீனம், தாய்லாந்து, வியட்நாம் வழியாக இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் வரை இயற்கையாக வளர்கிறது. தமிழகத்தில் கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன், சேர்வராயன் போன்ற கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலும் சத்தியமங்கலம் காடுகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ச்சரிவுகளிலும் பார்க்கலாம். அடிவாரம் தொடங்கிச் சுமார் 1,000 மீட்டர் உயரம் வரையிலான இலையுதிர் காடுகளும் பாதிப் பசுமைக் காடுகளும் அதற்கு ஏற்றவை.

ஆனால் காட்டின் நடுவே, மரங்கள் அடர்ந்து இருண்ட இடத்தில் போய்த் தேடினால் அதிகம் கிடைக்காது. ஓடைக்கரையில், ஒற்றையடிப் பாதையின் ஓரத்தில், பெரிய மரம் விழுந்து வானம் தெரியும் இடத்தில், காடும் காட்டுக்கொல்லையும் சந்திக்கும் எல்லையில் பாருங்கள். அங்கேதான் நிற்கும். வேருக்கு ஈரம், தண்டுக்குத் தாங்கு, தலைக்கு வெயில் மூன்றும் ஒருசேரக் கிடைக்கும் இடம் காட்டின் விளிம்புதான். அந்தப் பாட்டி கன்றை ஊன்றிய இடத்தில் இந்த மூன்றும் இருந்தன. ஓடை ஈரம், கிளுவையும் புங்கனும், வெளிப்பக்கத்து வெயில்.

இன்று நாம் முதலில் அழிப்பதும் அந்த விளிம்பைத்தான். நிலத்தை அளந்ததும் ஜேசிபி கொண்டுவந்து வேலிப்புதரை வழித்து எடுக்கிறோம். இரண்டு வரிசை மரவள்ளியோ காப்பியோ கூடுதலாக நடலாம் என்று ஓடைக்கரை வரை சுத்தம் செய்கிறோம். கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுக்கிறோம். புதர் போனதும் சீயக்காயோடு கரையைப் பிடித்திருந்த வேரும் போகிறது, தேனீக்கான பூவும் போகிறது. அடுத்த பெருமழையில் கரை சரியும்போதுதான் அங்கே என்ன இருந்தது என்று நினைத்துப் பார்க்கிறோம்.

காட்டுக்குள் இன்னொரு தொல்லை உண்ணிச்செடி. விளிம்பிலும் வெளிச்சம் விழும் இடைவெளியிலும் இதுவும் அடர்ந்து படர்கிறது. சீயக்காய் விதை விழுந்து முளைக்க வேண்டிய அதே இடத்தை அது மூடிவிடுகிறது. கிழக்கொடி காய்த்துக்கொண்டே இருக்கும். கீழே அதன் கன்று ஒன்றுகூடத் தலைதூக்காது. காய் வருகிறதே என்று நிம்மதியாக இருந்தால், அந்தக் கொடி சாகும் நாளில் அதன் இடத்துக்கு வர ஒன்றும் இருக்காது.

பறிக்கும்போது வெட்டாதீர்கள்

சந்தைக்கு வரும் சீயக்காயில் பெரும்பகுதி இன்றும் காட்டில் சேகரிக்கப்படுவதுதான். நெற்று பொதுவாக மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை முற்றிக் காயும். உயரத்தில், முள்ளுக்கு நடுவே தொங்கும் காயைப் பறிப்பது எளிய வேலையல்ல. அதனால் சில இடங்களில் கொடியை அடியில் வெட்டி, முழுதாகக் கீழே இழுத்துக் காயைப் பிடுங்கும் பழக்கம் வந்துவிட்டது.

ஒரு நாள் வேலை மிச்சமாகிறது என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். விதையிலிருந்து வரும் கொடி காய்க்கப் பொதுவாக மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். மரத்தின் உச்சியைப் பிடித்து நிறையக் காய்க்கும் நிலைக்கு வர அதற்கும் மேல் ஆகும். வெட்டிய அடிக்கட்டை துளிர்த்தாலும் மறுபடியும் தரையிலிருந்து வெயிலைத் தேடிப் போக வேண்டும். ஒரு கூடைக் காய்க்காகப் பல ஆண்டுக் காயை இழக்கிறோம்.

நீண்ட மூங்கில் தொரட்டியால் காய்க்கொத்தை மட்டும் ஒடித்து எடுக்கலாம். நன்றாகக் காய்ந்த பின் கீழே சாக்கு விரித்துக் கிளையை உலுக்கலாம். எட்டாத உச்சியில் உள்ளதை விட்டுவிடுங்கள். அது விதைக்கான பங்கு. பச்சையாகப் பறித்து எடை கூட்டி விற்பதில் லாபம் இல்லை. முற்றாத காய் காய்ந்தால் எடையும் குறையும், பூசணமும் பிடிக்கும்.

காப்புக்காட்டில் யார் வேண்டுமானாலும் சேகரிக்க முடியாது. பழங்குடியினருக்கும் காட்டைச் சார்ந்து வாழும் மரபுவழிக் குடியினருக்கும் சிறு வனப்பொருள்கள் மீது உரிமை இருப்பதை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்கிறது. சிறு வனப்பொருள்களுக்கு மத்திய அரசு அறிவிக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலைப் பட்டியலில் காய்ந்த சீயக்காயும் இருக்கிறது. மலைக்கிராமங்களில் பணியாற்றும் விரிவாக்க அலுவலர்கள் இந்த இரண்டையும் கிராம சபையில் எடுத்துச் சொல்ல வேண்டும். இது நம் கொடி, அடுத்த ஆண்டும் நாம்தான் பறிப்போம் என்ற உறுதி இருப்பவர் அடியில் வெட்டமாட்டார். நாளைக்கு வேறொருவர் பறித்துவிடுவார் என்ற பயம் இருக்கும் இடத்தில்தான் அரிவாள் அடிக்குப் போகிறது.

உங்கள் வேலியில் வளர்ப்பது எப்படி?

இனி உங்கள் நிலத்துக்கு வருவோம்.

விதை: மாசி, பங்குனியில் முற்றிய நெற்றிலிருந்து எடுங்கள். விதையின் தோல் கடினமானது. அப்படியே போட்டால் சீராக முளைக்காது. கொதிக்கும் நீரை அடுப்பிலிருந்து இறக்கி, சற்று ஆறவிட்டு, விதைகளை அதில் போட்டு ஓர் இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காலையில் உப்பியிருப்பவற்றை எடுத்து விதையுங்கள். உப்பாதவற்றின் தோலை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து மறுபடியும் ஊறவிடலாம். விதையை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடக் கூடாது.

நாற்று: செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் கலந்த பாலித்தீன் பையில் பைக்கு இரண்டு விதை. முளைத்தபின் நல்ல கன்று ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பையின் அடியில் வேர் வெளியே ஓடினால் பையை நகர்த்தி வையுங்கள். ஆறு மாதத்தில் கன்று நடவுக்குத் தயாராகும்.

இடம்: ஓடைக்கரை, கிணற்று மேட்டின் ஓரம், நிலத்தின் எல்லை இவை ஏற்றவை. தண்ணீர் தேங்கும் பள்ளம் வேண்டாம். ஏற்கெனவே கிளுவை, கிளைரிசிடியா, கல்யாண முருங்கை போன்ற உயிர்வேலி இருந்தால் மிக நல்லது. வேலியே இல்லாவிட்டால் முதலில் அந்தப் போத்துகளை நட்டு ஓராண்டு வளரவிட்டு, பிறகு சீயக்காயை நடுங்கள்.

நடவு: புரட்டாசி, ஐப்பசி மழையோடு நடலாம். ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, மேல்மண்ணுடன் ஒரு கூடை தொழுவுரம் கலந்து நிரப்புங்கள். காய்க்காக நடுவதென்றால் கன்றுக்குக் கன்று 10 அடி விடுங்கள். ஆடுமாடு நுழையாத அடர்ந்த வேலிதான் நோக்கம் என்றால் 4 அடி போதும். ஆனால் காய் குறையும். முதல் இரண்டு கோடைகளில் மட்டும் உயிர்த்தண்ணீர் கொடுங்கள். ஆட்டிடமிருந்து இளங்கன்றைக் காக்க முள்செத்தை வையுங்கள். அதன் முள் அதைக் காக்கும் அளவுக்கு வளரும்வரை அது உங்கள் பொறுப்பு.

உரம்: பயறுக் குடும்பம் என்பதால் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், உரமே வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தக் குடும்பத்தின் எல்லாச் செடியிலும் வேர்முடிச்சு வருவதில்லை. சீயக்காயின் நெருங்கிய உறவுகளான சில ஏறுகொடிகளில் அது உருவாவதே இல்லை. எனவே அவரையை நம்புவதுபோல் நம்பி விட்டுவிடாமல், ஆண்டுக்கு ஒருமுறை மழைக்கு முன் தொழுவுரம் கொடுத்து, வேரடியில் இலைச்சருகு மூடாக்கு போடுங்கள்.

கவாத்து: பூக்கும் கிளை வெயிலைத் தேடும் என்று பார்த்தோம். விட்டால் 15 மீட்டர் ஏறும். காய் பறித்து முடித்ததும், புதுத் தளிர் கிளம்பும் முன்பே, உச்சியை 7, 8 அடி உயரத்தில் வெட்டி, உள்ளே நெருங்கிய காய்ந்த கிளைகளை நீக்குங்கள். பூக்கும் பருவம் தொடங்கிய பிறகு கவாத்து செய்தால் அந்த ஆண்டுக் காய் போய்விடும். கையில் தோல் உறை, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். வெட்டிய முட்கிளைகளை வேலியின் சந்துகளில் செருகுங்கள், பாதையில் போடாதீர்கள்.

செய்யக்கூடாதவை: இளம் மா, கொய்யா, தென்னங்கன்று அருகில் நடாதீர்கள், கொடி அவற்றை மூடி வெயிலை மறைத்துவிடும். மின்கம்பிக்குக் கீழும், பிள்ளைகள் பள்ளிக்கு நடக்கும் பாதையோரத்திலும் வேண்டாம். பொது எல்லையில் நடும் முன் பக்கத்து நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். கொடிக்கு எல்லைக்கல் தெரியாது. பாதிக் காய் அவர் பக்கம் தொங்கும். அதை அவர் பறித்துக்கொள்ளட்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பின்னால் தகராறு வராது.

காய்ந்தபின்: நெற்றைக் களத்தில் பரப்பி, குலுக்கினால் விதை சலசலக்கும்வரை காயவிடுங்கள். ஈரம் இருக்கையில் கட்டினால் பூசணம் பிடித்துக் கறுத்துப்போகும். சணல் சாக்கில், தரையில் படாமல் பலகை மேல் அடுக்குங்கள். நுரை தருவது தோல்தான் என்பதால், அரைக்கும் முன் விதையை நீக்கினால் தூள் தரமாக இருக்கும். நீக்கிய விதை அடுத்த நாற்றுக்கு ஆகும்.

ஏக்கருக்கு எவ்வளவு லாபம்?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். சீயக்காயை ஏக்கர் கணக்கில் பார்க்காதீர்கள் என்பதே என் பதில். வயல் நடுவே நெல்லோ கடலையோ சோளமோ இருக்கட்டும். வேலியில் இருபது கொடி இருந்தால் வீட்டுக்கு ஆண்டு முழுவதும் சீயக்காய் கிடைக்கும். மிஞ்சியதைச் சந்தையில் விற்கலாம். இதற்காக ஒரு சென்ட் விளைநிலத்தையும் நீங்கள் விட்டுத்தர வேண்டியதில்லை. அறுவடை தை, மாசியில் வருகிறது. மானாவாரி நிலத்தில் வேலை குறையும் காலம் அது.

மலையில் நிலம் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எல்லைப்புதரைச் சுத்தம் செய்ய ஆள் விடும்முன், நீங்களே ஒருமுறை அந்த ஓரமாக நடந்து பாருங்கள். கீழ்நோக்கி வளைந்த முள், கருவேலம்போன்ற இலை, காய்ந்தால் சுருங்கும் நெற்று மூன்றும் கண்ணில் பட்டால் அந்தக் கொடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவையுங்கள். வெட்டுபவர் அதை விட்டுவிடுவார். நாற்று வளர்த்து நான்கு ஆண்டு காத்திருந்து பெற வேண்டியதை, ஒரு முழத் துணியில் காப்பாற்றிவிடலாம்.

பச்சைமலை அடிவாரத்தில் அந்த அரை ஏக்கரில் இப்போது கடலையும் துவரையும் மாறி மாறி விளைகின்றன. பாட்டி இன்று இல்லை. அவர் ஊன்றிய ஆறு கொடிகளில் ஐந்து இன்னும் வேலியில் நிற்கின்றன. நடவுக்குக் கன்று கேட்டு வருபவர்களை நான் முதலில் அங்கேதான் அழைத்துப் போகிறேன். எங்கே நடக்கூடாது என்பதையும், எங்கே நட வேண்டும் என்பதையும் ஒரே நிலத்தில் பார்க்கலாம்.